நான்காவது ஆள்

தரங்கம்பாடியில் மார்கழி மாதம் குளிரும் என்று சொன்னால் வடக்கே வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் சிரிக்கிறார்கள். விடியற்காலையில் இருபது, இருபத்திரண்டு டிகிரி இருக்கும். இதற்குப்போய் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கிறோம். ஆனால் குளிர் வெறும் டிகிரி விஷயமில்லை. நனைந்த உடம்போடு வாடைக்காற்றில் கட்டுமரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இருபது டிகிரியும் குளிர்தான். புல் நுனியில் நிற்கும் நீர், வயல்மேல் படியும் மூட்டம், இமயமலையில் கொட்டிக் கிடப்பது எல்லாவற்றுக்கும் நாம் பனி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிட்டோம். டெல்டாக்காரனுக்கு அதற்குமேல் தேவைப்பட்டதில்லை. எனக்கு ஒரே ஒரு முறை தேவைப்பட்டது. 1979 ஜனவரியில், ஊட்டியில், ஒரு கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில்.

அதைப் பற்றி இதுவரை எழுதியதில்லை. எழுதக்கூடிய விஷயமாகத் தோன்றாததுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். காரணம் அது இல்லை என்று சென்ற மார்கழியில் தெரிந்தது.

*

கல்லூரியில் நாங்கள் ஆறு பேர். மைதானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருந்தது. மழைக்காலம் முடிந்தும் அதில் தண்ணீர் வடியாது. ஆகவே ஊரையே மைதானமாக்கிக்கொண்டோம். கோட்டை வாசலில் ஐந்து மணிக்குக் கூடுவோம். டேனிஷ்காரர்கள் 1620ல் வந்து கட்டி, 1845ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப்போன கோட்டை. அங்கிருந்து மாசிலாமணிநாதர் கோயில் வரை ஓடுவோம். 1306ல் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்த கோயில். முன்பகுதியை அப்போதே கடல் தின்றிருந்தது. அலை வந்து திரும்பும் விளிம்பில் மணல் கெட்டியாக இருக்கும், கால் புதையாது. அந்த விளிம்பிலேயே தெற்கே உப்பனாற்று முகம்வரை போய், மேற்கே திரும்பி, பொறையாறு பக்கத்து வயல்களில் இறங்குவோம். சம்பா கதிர் முற்றித் தலைசாய்ந்திருக்கும். அறுப்புக்கு முன்பே உளுந்து தெளித்திருப்பார்கள். வரப்பு பனியில் நனைந்து வழுக்கும். வழுக்கி விழுந்தால் வயல்காரர் வசவு நிச்சயம். விழுந்ததற்கு இல்லை, கதிரை மிதித்ததற்கு. திரும்பி வரும்போது ராஜவீதியில் புதிய எருசலேம் ஆலயத்தைத் தாண்டுவோம். சீகன்பால்கு 1719ல் முப்பத்தாறு வயதில் இறந்து அங்கேதான் புதைக்கப்பட்டார். பனி தேசங்களிலிருந்து இந்த வெக்கைக்கு வந்து சீக்கிரம் செத்துப்போனவர்களின் கல்லறைகள் எங்கள் ஊரில் நிறைய. எதிர்த்திசையில் ஒரு பயணம் எங்களுக்கு வாய்க்கும் என்று அப்போது தெரியாது.

ஆறு பேரில் ஒருவன் மீனவத் தெருவைச் சேர்ந்தவன். ராத்திரி அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டு, கரை வந்ததும் உப்பு காயாத காலோடு எங்களோடு ஓட நிற்பான். எங்களில் இரண்டாவது ஓட்டக்காரன். மணலில் மட்டும் ஓடுவதானால் முதலாவது. நான் ஐந்தாவது. இந்த எண்கள் முக்கியம். ஏனென்று சொல்கிறேன்.

கிராஸ் கன்ட்ரியில் வெற்றி தனி ஆளுக்கு உண்டு, அணிக்கும் உண்டு. அணிக்கு வரும்போது ஓடிய நேரத்தைப் பார்ப்பதில்லை, வந்துசேர்ந்த இடத்தைக் கூட்டுகிறார்கள். எங்கள் போட்டியில் ஆறு பேர் ஓடலாம், முதலில் வரும் நான்கு பேருடைய இடங்கள் கணக்கு. கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அது ஜெயிக்கும். ஆகவே அணியின் தலையெழுத்தைத் தீர்மானிப்பவன் முன்னால் பறக்கிறவன் இல்லை, நான்காவது ஆள். ஐந்தாவது, ஆறாவது ஆட்கள் வீண் என்று சொல்ல முடியாது. எதிர் அணிக்காரர்களை முந்தி அவர்களை ஓரிடம் கீழே தள்ளலாம். ஆனால் அவர்களுடைய இடம் எந்தக் கூட்டலிலும் வராது. நான் கூட்டலில் வராதவன். முன்னால் இருக்கும் நால்வரில் ஒருவன் விழுந்தால்தான் வருவேன்.

இது குளிர்தேசத்து விளையாட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பள்ளிப் பையன்கள் காகிதத் துண்டுகளை இறைத்துக்கொண்டு ஓட, மற்றவர்கள் அந்தத் தடத்தைப் பிடித்துத் துரத்திய விளையாட்டிலிருந்து வந்தது. 1876ல் அங்கே நடத்திய முதல் தேசியப் போட்டியில் ஓடிய எல்லோருமே எப்பிங் காட்டில் வழி தவறிப் போனார்கள். போட்டி செல்லாது என்று அறிவித்தார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கொளுத்தும் ஜூலை வெயிலில் இதை நடத்தினார்கள். முப்பத்தெட்டுப் பேர் புறப்பட்டு, பதினைந்து பேர்தான் முடித்தார்கள். ஃபின்லாந்தின் நூர்மி ஜெயித்தார். மற்றவர்கள் வழியெல்லாம் சுருண்டு விழுந்தார்கள். அதோடு ஒலிம்பிக்கிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள். வெயிலில் விழுந்தவர்களைப் பற்றி உலகத்துக்குத் தெரியும். குளிரில் உட்கார்ந்துவிட்ட ஒருவனைப் பற்றி எனக்குத் தெரியும்.

*

தரங்கம்பாடியிலிருந்து மாயவரத்துக்கு அப்போது ரயில் இருந்தது. அதில் தொடங்கி, திருச்சி, கோயமுத்தூர் என்று மாறி மாறி, மேட்டுப்பாளையத்தில் பல்சக்கர ரயில் பிடித்தோம். கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் 2,240 மீட்டர் உயரத்தில் இறங்கினோம். அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தங்கிய இடத்தில் மாடிப்படி ஏறியபோதே உடம்பு சொல்லிவிட்டது.

கான்வாஸ் ஷூ நான்கு ஜோடி இருந்தது. யாருக்கு என்று பேச்சு வந்தபோது அவன் முந்திக்கொண்டான். "எனக்கு வேணாம்டா. மணல்ல ஓடுன காலு, ஷூ போட்டா மாட்டுக்கு லாடம் அடிச்ச மாதிரி இருக்கும்." முந்தின வருஷம் ஜலந்தரில் சிவ்நாத் சிங் மாரத்தானை 2 மணி 12 நிமிடத்தில் ஓடியிருந்தார். வெறுங்காலோடு ஓடுவதில் பெயர் பெற்றவர். அவன் அவரை மேற்கோள் காட்டினான். நாங்கள் ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொள்வது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது. நான்காவது ஜோடி எனக்கு வந்தது.

காலை ஏழு மணி. வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரிகளில்தான் அங்கே உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர்போல் பள்ளத்துக்கு இறங்கித் தேங்கும். ஆகவே மேட்டில் பச்சையாக இருக்கும் புல், பள்ளத்தில் வெள்ளையாக இருந்தது. உப்பளம்போல என்று எங்களில் ஒருவன் சொன்னான். உவமை சரியில்லை. உப்பு காலடியில் பொரிபோல் நொறுங்காது. எங்கள் வாயிலிருந்து புகை வந்தது. பீடி இல்லாமலே புகைக்கிறோம் என்று சிரித்தோம். பனியனும் அரை டிராயருமாக நின்றோம். ஷூ கயிற்றை முடிச்சுப்போட என் விரல்கள் மறுத்தன.

பத்துக் கிலோமீட்டர், இரண்டு சுற்று. புல்மேடு, யூகலிப்டஸ் தோப்பு, பிறகு பள்ளம், மறுபடி மேடு. முதல் சுற்றில் அவன் எங்களுக்கெல்லாம் முன்னால் போய்விட்டான். தோப்புக்குள் அவன் முதுகு தெரிந்து மறைவதைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். நுரையீரல் உறைந்துபோகும் என்று பயந்திருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காற்றில் குளிரைவிட வறட்சிதான் மோசம். தொண்டையை உப்புத்தாள் கொண்டு தேய்த்ததுபோல் இருந்தது. தாடை மரத்துவிட்டது.

இரண்டாவது சுற்றில், பள்ளத்தில், அவனைப் பிடித்துவிட்டேன். என் வாழ்க்கையில் அவனை நான் பிடித்ததே இல்லை. நடந்துகொண்டிருந்தான், கைகளை அக்குளில் செருகிக்கொண்டு. பாதம் தரையில் படுவது அவனுக்குத் தெரியவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. வெள்ளைப் புல்லில் அவன் காலடி ஒவ்வொன்றிலும் சிவப்பாக இருந்தது. எங்கோ கல் கிழித்திருக்கிறது, மரத்த காலுக்குத் தெரியவில்லை. நான் பத்தடி பின்னால் இருக்கும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டான். தலையைத் தூக்கிப் பார்த்தான். வாயைத் திறந்தான். ஒரு சத்தம் வந்தது. "ஓ" என்பதுபோல.

"போ" என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். போனேன்.

இவ்வளவுதான் நடந்தது என்று நிறுத்திக்கொள்ளலாம். பல வருஷங்கள் அங்கேதான் நிறுத்தியிருந்தேன். ஆனால் அவனைத் தாண்டிய உடனே, மூன்று நான்கு எட்டுகளுக்குள், என் தலைக்குள் ஒரு கூட்டல் நடந்தது. அவன் போய்விட்டான். நான் நான்காவது ஆள். என் இடம் கணக்கில் வந்துவிட்டது. அது வெறும் கணக்கில்லை, ஸ்தூலமான சந்தோஷம். கால் லேசானது. மேட்டில் இரண்டு பேரை முந்தினேன். அந்தக் குளிரில் உடம்பு முழுக்கச் சூடு பரவியது அந்தச் சில நிமிடங்களில் மட்டும்தான்.

எங்கள் அணிக்கு மூன்றாவது இடம். ஒரு சின்னக் கோப்பை. அவனை யாரோ கம்பளியில் சுற்றித் தூக்கி வந்திருந்தார்கள். பாதத்தில் துணி கட்டியிருந்தது. போட்டோவில் கோப்பையை அவன் மடியில் வைத்தோம். எல்லோரும் சிரிக்கிறோம். அவனும்தான்.

*

அதற்குப் பிறகு சில வருஷம் கழித்து ஆலன் சில்லிட்டோவின் நெட்டோட்டக்காரன் கதை (1959) கைக்கு வந்தது. சீர்திருத்தப் பள்ளியின் பையன் ஒருவன் விடியற்காலைக் குளிரில் தனியாகப் பழகுகிறான். பந்தயத்தில் எல்லைக்கோட்டுக்கு முன்னால் வேண்டுமென்றே நின்று, ஜெயிக்காமல் விட்டு, மேலதிகாரி முகத்தில் கரி பூசுகிறான். நம் வட்டத்தில் அந்தக் கதைக்கு ஒரு மவுசு இருந்தது. தலைப்பிலேயே தனிமை இருந்ததும் ஒரு காரணமாயிருக்கலாம். அப்போது நாம் எல்லோரும் தனிமையைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தோம். அது ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டிருந்தது. நானும் எழுதினேன்.

கதை நல்ல கதை. ஆனால் எனக்கு அந்தப் பையன்மீது பொறாமைதான் வந்தது. அவனுக்கு எதிரி வெளியே இருக்கிறான், நின்றால் போதும், எதிரி தோற்பான். நண்பர்களோடு ஓடுகிறவனுக்கு அப்படி நிற்க இடமில்லை. நின்றால் நால்வருக்குத் துரோகம், ஓடினால் ஒருவனுக்கு. தனிமை நாம் எழுதியதுபோல யாரும் இல்லாத வெட்டவெளியில் இல்லை. ஆறு பேர் ஒரே நிறப் பனியனோடு ஓடுகிற இடத்தில், ஒருவன் விழுந்ததும் இன்னொருவனுக்குள் நடக்கிற கூட்டலில் அது இருக்கிறது. அதை எழுதத் துணிவில்லாமல் ஜன்னலையும் மழையையும் எழுதிக்கொண்டிருந்தேன். நம்மில் எத்தனை பேர் இப்படி என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. என்னைச் சொன்னேன்.

*

சென்ற மார்கழியில் ஊருக்குப் போயிருந்தேன். அவன் இப்போது கரையில் இல்லை. சுனாமிக்குப் பிறகு உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் இருக்கிறான். அறுபதைத் தாண்டிவிட்டான். கடலுக்குப் போவதில்லை. பேரன் போகிறான். விடியற்காலையில் இரண்டு பேரும் கோட்டைப் பக்கம் நடந்தோம். மணல் விளிம்பில் நடப்பதற்கு அவன் கால்கள் தாமாகவே போயின.

2004 டிசம்பர் 26ஐப் பற்றி அவன் என்னிடம் பேசியதே இல்லை. மார்கழி மாதம், பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரில் நூற்றுக்கணக்கானவர்களைக் கடல் கொண்டுபோன காலை. அன்று நான் வெளியூரில் இருந்தேன். இப்போது நான் கேட்காமலே சொன்னான்.

"வல பாத்துக்கிட்டிருந்தோம். நானும் அண்ணனும். தண்ணி வர்ற சத்தம் கேட்டதும் மேக்கால ஓடுனேன். அண்ணன் பின்னால வந்துகிட்டிருந்தாரு. கூப்புட்ட மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாக்கல." கொஞ்ச தூரம் நடந்தான். "பாத்திருந்தா நான் இல்ல."

எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

"ஊட்டியில நீ என்னைத் தாண்டிப் போனியே. ஒம் மேல கோவம் இருந்துச்சுடா. ரொம்ப வருசம். பாக்கறப்ப எல்லாம் சிரிச்சிக்கிட்டு, உள்ளுக்குள்ள இருந்துச்சு. சுனாமிக்கு அப்பறம் இல்ல."

அவனுக்குக் கோபம் இருந்தது என்பதே எனக்கு அந்த நிமிடம்வரை தெரியாது. அந்தப் பள்ளத்தில் நடந்தது எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தேன். வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன். "நீ போன்னுதானேடா சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லல" என்றான். "பல்லு அடிச்சிக்கிச்சு. வாயி தொறந்துச்சு. அவ்வளவுதான்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். குற்றம் சாட்டவில்லை. கோபம் போய்விட்டதே. ஆனால் அது போன விதம் எனக்குச் சம்மதமில்லை. தன் அண்ணனைக் கொடுத்து என்னை மன்னிக்கும்படி யாரும் அவனிடம் கேட்கவில்லை. இரண்டு ஓட்டமும் ஒன்றில்லை என்று அவனிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. நீ உயிருக்கு ஓடினாய், நான் ஒரு கோப்பைக்கு ஓடினேன். உன் கோபத்தை நீ வைத்துக்கொண்டிருக்கலாம், என்னால் அதைச் சுமந்திருக்க முடியும். சொன்னால் அவன் எதை வைத்துத் தன்னை மன்னித்துக்கொண்டானோ அதைப் பிடுங்கியதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

வாடை பலமாக விழுந்தது. இன்றைக்கு ஒருவரும் கடலுக்குப் போக மாட்டார்கள் என்றான். என் தலையில் துண்டு இல்லாததைப் பார்த்துவிட்டுத் தன் துண்டை அவிழ்த்து நீட்டினான். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு வாங்கிச் சுற்றிக்கொண்டேன்.