ஓநாயை எதிர்த்து நிற்கும் மான்

வட அமெரிக்காவில் சுபீரியர் என்றொரு ஏரி உண்டு. பெயர்தான் ஏரியே ஒழிய, கரையில் நின்று பார்ப்பவருக்கு அது சமுத்திரமாகவே தோன்றும். அதன் வடமேற்குப் பகுதியில், 45 மைல் நீளமும் 9 மைல் அகலமுமாகக் கிடக்கிறது ஐல் ராயல் தீவு. 1940-ல் தேசியப் பூங்காவான இத்தீவிற்கு, மிச்சிகன் மாகாணத்து ஹௌட்டன் துறையிலிருந்து கப்பலில் சுமார் ஆறு மணி நேரப் பிரயாணம். குளிர்காலத்தில் யாத்ரிகர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. ஆனால், அத்தீவின் பெரும் போர் வெட்டவெளிச்சமாவது அந்தக் குளிர்காலத்தில்தான்!

போர் புரிவோர் இரு திறத்தார். ஒருவர் மூஸ் என்னும் மான். மான் என்றதும் மருண்ட விழியும் மெல்லிய காலும் நம் நினைவுக்கு வரும். அந்த நினைப்பைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். மான் குலத்திலேயே மிகப் பெரியது இது. தோள் உயரம் சுமார் ஆறடி. நன்கு வளர்ந்த ஆணின் எடை ஏறக்குறைய ஆயிரம் ராத்தல். எதிரியான ஓநாய்க்கு எடை எண்பது ராத்தல்தான். ஆனால் அது கூட்டமாக வரும்.

அகன்று விரிந்த கொம்புகள் மூஸுக்கு இந்தப் போரில் பெரிதும் பயன்படுவதில்லை. ஆணும் ஆணும் மோதும் இலையுதிர் காலத்திற்கே அவை உதவும், பிறகு உதிர்ந்துவிடும். ஓநாய்க்கு எதிரே அதன் ஆயுதம் குளம்புதான். முன்னங்காலால் விடும் ஓர் உதையில் ஓநாயின் விலா எலும்பு முறியும். உயிர் போவதும் உண்டு.

இத்தீவில் 1958-ல் தொடங்கிய ஆராய்ச்சியில் டேவிட் மெக் என்பவர், சிறு விமானத்தில் பறந்து இப்போர்களைக் கவனித்தார். ஓநாய்கள் கண்டுகொண்ட மூஸ்கள் 131. அவற்றுள் மாண்டவை எத்தனை தெரியுமா? ஆறே ஆறு! ஓடாமல் திரும்பி நின்ற மூஸை ஓநாய்கள் சிறிது நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, வேறு இரை தேடிப் போயின. தாய் மூஸோ தன் கன்றின் பின்புறத்தை விட்டு அகலாமல் காத்தது. ஓநாய் பாய்வது அந்தப் பக்கமல்லவா?

அப்படியானால் வீழ்பவை யாவை? ஒரு வயது நிரம்பாத கன்றுகளும், மூட்டுவாதத்தால் தளர்ந்த கிழ மூஸ்களுமே பெரும்பாலும் இரையாகின்றன. இளமையில் போதிய உணவு கிடைக்காதவற்றையே முதுமையில் இவ்வாதம் அதிகம் பற்றுகிறது என்பதை எலும்புகளைச் சோதித்த ரோல்ஃப் பீட்டர்ஸன் முதலியோர் கண்டனர்.

ஓநாயே இல்லாவிட்டால் மூஸ் சுகமாக வாழும் என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. 1980-ல் ஐம்பதாக இருந்த ஓநாய்கள், நாய்களைத் தாக்கும் ஒரு கொள்ளை நோயால் 1982-ல் பதினான்காகக் குறைந்தன. மூஸ்கள் பெருகி 1995-ல் சுமார் 2,400 ஆயின. தளிர்களெல்லாம் தின்று தீர்ந்தன. உடலெங்கும் உண்ணிகள் மொய்த்தன. 1996-ன் கடுங்குளிரில் பட்டினியால் அவை கூட்டங் கூட்டமாக மடிந்து, ஏறக்குறைய ஐந்நூறே எஞ்சின. ஓநாயின் பல்லுக்குத் தப்பியவை பசியின் பல்லுக்குத் தப்பவில்லை!

2018-க்குள் ஓநாய்கள் இரண்டே மிஞ்சின. இயற்கையின் போக்கில் மனிதன் கையிடலாமா என்று பலத்த விவாதம் நிகழ்ந்தது. முடிவில், 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் பத்தொன்பது ஓநாய்களை வெளியிலிருந்து கொண்டு வந்து விட்டார்கள். மூஸின் குலம் நிலைப்பதற்காக, அதன் பகைவனையே விருந்தாளியாக அழைக்க வேண்டியதாயிற்று.