முதல் நான்கு ஆட்டங்கள்

நுவரெலியாவில் 'சீசன்' என்றால் ஏப்ரல் மாதந்தான். மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் கொழும்பிலிருந்து வந்திறங்கும் கூட்டமுமாக நகரம் அமளிப்படும். ஹட்டனுக்கு அப்பால் தோட்டத்தில் வாழும் நமக்கும் அதே மாதத்தில் ஒரு சீசன் உண்டு. இந்தியப் பிரிமியர் லீக் கிரிக்கெட் பந்தயங்களைத்தான் சொல்கிறோம். மார்ச் பிற்பகுதியில் தொடங்கும் அப்பந்தயங்கள் இரண்டு வாரத்தை எட்டியதும், பிற்பகல் மழைக்கு லயத்து வாசலில் ஒதுங்குகிறவர் அனைவரும் சோதிடர்களாகி விடுவார்கள்.

2025 ஏப்ரலில் அப்படிச் சோதிடம் சொன்னவன் நம் தம்பியின் மகன். "பெரியப்பா, சென்னை நாலு மேட்ச்ல மூணு தோத்துட்டாங்க. இனி எழும்ப மாட்டாங்க" என்றான். பள்ளிக்கூடத்துப் பையனுக்கு இத்தனை உறுதி எங்கிருந்து வந்தது என்று வியந்தோம். பிறகு நம் பழைய கதை நினைவுக்கு வர, சிரிப்பும் வந்தது.

2015இல் மும்பை அணி முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. "இவர்கள் கதை முடிந்தது" என்று ஹட்டன் கடைத்தெருவில், தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, நால்வர் கேட்கப் பிரகடனம் செய்தோம். மே 24ஆம் திகதி கொல்கத்தா ஈடன் கார்டன் மைதானத்தில் அதே மும்பை சென்னையை 41 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தை ஏந்தியது. அந்தத் தேநீர்க் கடைப் பக்கம் ஒரு வாரம் நாம் தலை காட்டவில்லை.

அதற்கும் முன்னர், 1992 உலகக் கிண்ணத்தில் பாகிஸ்தான் முதல் ஐந்து ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றது. இங்கிலாந்துக்கு எதிராக 74 ஓட்டங்களுக்குச் சுருண்டு, தோல்வி நிச்சயம் என்றிருந்த வேளையில் மழை வந்து ஒரு புள்ளியைக் காப்பாற்றிக் கொடுத்தது. மழையைத் திட்டியே பழகிய மலைநாட்டு ரசிகர்கள் மழைக்கு நன்றி சொல்லத்தக்க சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று. அடுத்து வந்த ஐந்து ஆட்டங்களையும் வென்று கிண்ணம் அவர்களுக்கே போயிற்று. நேர்மாறான கதையும் உண்டு. 2014இல் பஞ்சாப் அணி முதல் ஐந்து ஆட்டங்களையும் வென்றது; இறுதியாட்டத்தில், முதல் ஏழில் ஐந்தைத் தோற்றிருந்த கொல்கத்தாவிடம் வீழ்ந்தது.

கவ்வாத்து வெட்டிய மலையைப் புதிதாய் வந்தவர் ஒருவர் பார்த்தால், செடிகளெல்லாம் பட்டுப்போயின என்றே எண்ணுவார். கொழுந்து திரும்பும் காலம் நம் பெண்களுக்குத் தெரியும். பல தேசத்து ஆட்டக்காரரைக் கூட்டிச் சேர்த்த ஓர் அணிக்கும் அப்படியொரு காலம் வேண்டியிருக்கிறது. அமெரிக்கரின் பேஸ்பாலில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. 2019இல் வாஷிங்டன் அணி முதல் ஐம்பதில் 31 ஆட்டங்களைத் தோற்றது. ஆயினும் அவ்வாண்டுச் சம்பியன் அவர்களே. ஐம்பது ஆட்டம் ஆடியும் இன்னும் நூற்றுப்பன்னிரண்டு மிச்சமிருக்கும் பாக்கியத்தை எண்ணிப் பாருங்கள்!

இவ்வளவும் பையனுக்கு எடுத்துச் சொன்னோம். ஆனால் பலித்தது அவன் வாக்குத்தான். 14 ஆட்டங்களில் நான்கை மட்டும் வென்று சென்னை கடைசியிடத்தில் நின்றது. தோற்றுத் தொடங்கியவரெல்லாம் எழுந்துவிடுவதில்லை. 2023 உலகக் கிண்ணத்தில் நம் இலங்கை அணியும் முதல் மூன்று ஆட்டங்களைத் தோற்று, ஒன்பதாம் இடத்தோடு வீடு திரும்பவில்லையா? "பெரியப்பா சொன்னது பிழைச்சுப் போச்சே" என்று அவன் கேலி செய்தபோது வாயடைத்து நின்றோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கேலி உறுத்தவில்லை, அது கிளறிவிட்ட வேறொரு நினைவு உறுத்திற்று. பல ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் டிவிஷன் கோஷ்டிக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. இடக்கைச் சுழற்பந்து வீசும் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். மாலை வேளைகளில் மைதானத்தில் அவன் பந்தைத் தொடுவதற்கே பெரியவர்கள் திணறுவார்கள். முதற் பந்தயத்தில் இரண்டு ஓவருக்கு 31 ஓட்டங்கள் கொடுத்துவிட்டான். அடுத்த ஆட்டத்தில் அவனை நிறுத்திவிட்டு வேறொருவனைச் சேர்த்தோம். அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த மாதமே புறக்கோட்டையில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். தீபாவளிக்கு வரும்போதெல்லாம், "அண்ணே, ஸ்கோர் என்ன?" என்று நம்மிடந்தான் கேட்கிறான். பந்தை மட்டும் பிறகு அவன் தொடவேயில்லை.

சென்னைக்குப் பதினான்கு ஆட்டங்கள் கிடைத்தன. அதன் பிறகே கடைசியிடம் கொடுத்தார்கள். அந்தப் பையனுக்கு நாம் கொடுத்தது பன்னிரண்டு பந்துகள்.

தம்பி மகனின் முதலாந் தவணை மதிப்பெண்களும் அந்த நாட்களில்தான் வந்தன. கணிதத்தில் 28. "போதும் படிச்சது, கொழும்புக்குக் கடைக்கு அனுப்பலாம்" என்று தம்பி சொல்லத் தொடங்கியிருந்தான். மறுநாள் வேலை விட்டதும் நேரே அவன் வீட்டுக்குப் போனோம். மதிப்பெண் தாளை நம் கையில் கொடுத்து, "பாருங்க அண்ணே" என்றான். பார்த்தோம். இன்னும் இரண்டு தவணைகளுக்குரிய கட்டங்கள் அதில் வெறுமையாக இருந்தன. அவற்றை விரலால் தொட்டுக் காட்டினோம். தம்பி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க அண்ணே" என்று உள்ளே குரல் கொடுத்தான். தாளை மட்டும் நான்காய் மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தான்.