சாலையில் வைத்த கல்



வாகனத்தில் ஏறி அமர்ந்ததும் ஓத வேண்டிய துஆவை நம் மதரஸாப் பிள்ளைகள் சிறு வயதிலேயே மனனம் செய்துவிடுகிறார்கள். அது அஸ்ஸுக்ருஃப் அத்தியாயத்தின் 13, 14-ஆம் வசனங்களிலிருந்து எடுக்கப்பட்டது. இந்த வாகனத்தை அடக்கி ஆளும் வலிமை நமக்கு இயல்பாக இருக்கவில்லை, அல்லாஹ்வே அதை நமக்கு வசப்படுத்தித் தந்தான், நாம் அவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்பது அதன் சாரம். புறப்படும் வேளையிலேயே மனிதனின் பலவீனத்தையும் மரணத்தையும் சேர்த்து நினைவூட்டுகின்ற துஆ அது.

பாரம் நிறைந்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு டிராக்டர் செல்வதைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தக் கருத்து நினைவுக்கு வரும். டிராக்டரின் எடை ஏறத்தாழ இரண்டு டன். பின்னால் வரும் பெட்டியும் சரக்கும் அதைப்போல் இருமடங்கு இருக்கும். இரண்டையும் பிணைத்து நிற்பது ஒரு முழத்துக்கும் குறைவான ஓர் இரும்புப் பின்.

எங்கள் சாயர்புரம் வட்டாரத்தில் இக்காட்சி அன்றாடம் உண்டு. தெற்கே ஏரல் பக்கம் தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் வாழையும் நெல்லும் டிரெய்லரில் ஏறுகின்றன. கிழக்கே கடற்கரையை ஒட்டிய முள்ளக்காடு, பழையகாயல் பகுதி உப்பளங்களைச் சுற்றி உப்புப் பாரம் நகர்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி இப்பகுதி முழுவதும் வெள்ளக்காடான நாள்களில், மற்ற வாகனங்கள் போக முடியாத தெருக்களுக்கு உணவுப் பொட்டலங்களையும் குடிநீரையும் சுமந்து சென்றவை டிராக்டர்களே. அந்த நன்றியை நாம் மறக்கலாகாது. ஆயினும் நன்மை தரும் பொருளின்மீதும் நமக்குப் பொறுப்பு உண்டு. அதைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணத்தை எனக்குள் விதைத்தது ஒரு கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன், இஷா தொழுகைக்குப் பின் ஒரு விவசாயி என்னைத் தேடி வந்தார். வாழைத்தார் ஏற்றிய அவருடைய டிரெய்லரின் டயர் வழியில் வெடித்திருக்கிறது. பெட்டியைச் சாலையோரமாக விட்டு, டிராக்டரை மட்டும் கழற்றிக்கொண்டு டயர் மாற்ற ஆள் அழைத்துவரச் சென்றிருக்கிறார். பெட்டியின் ஒரு பாதி தார்ச்சாலையின் மேலேயே இருந்தது. பின்புறம் விளக்கும் இல்லை, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் இல்லை. அவர் திரும்பி வருவதற்குள் இருட்டிவிட்டது. இருசக்கர வாகனத்தில் வந்த ஓர் இளைஞன் பெட்டியின் பின்புறத்தில் மோதி அங்கேயே உயிரிழந்தான். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

“ஹஜ்ரத், நான் யாரையும் இடிக்கலியே. பெட்டி நின்ன இடத்துலதான நின்னுச்சு. அல்லாஹ்கிட்ட எம்மேல குத்தம் இருக்கா?” என்று அவர் கேட்டார். காவல் நிலைய வழக்கைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

நான் ஃபத்வா வழங்கும் தகுதி உடையவன் அல்லன். தீர்ப்புக்கு முஃப்தியிடம் செல்லுமாறு கூறிவிட்டு, நூல்களில் படித்ததை மட்டும் அவருக்கு எடுத்துரைத்தேன். தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவரைப் பற்றி அந்நிஸா அத்தியாயத்தின் 92-ஆம் வசனம் பேசுகிறது. இறந்தவரின் குடும்பத்தார் விட்டுக்கொடுத்தாலன்றி அவர்களுக்கு ஈட்டுத்தொகை சேர வேண்டும். அத்துடன் ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். அதற்கு வழியில்லாதவர் இரண்டு மாதங்கள் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். இது கஃப்பாரா.

தன் கையால் கொல்லாமல், மரணத்துக்குக் காரணமாக மட்டும் அமைந்தவரின் நிலை என்ன? நம் இமாம்கள் இதையும் ஆராயாமல் விடவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம், பொதுவழியில் கிணறு தோண்டியவரும் கல்லை வைத்தவரும். அதில் விழுந்தோ இடறியோ ஒருவர் இறந்தால், ஈட்டுத்தொகையின் பொறுப்பு அதைச் செய்தவர் தரப்பைச் சாரும் என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளும் உடன்படுகின்றன. கஃப்பாராவில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. இவ்வாறு காரணமானவருக்குக் கஃப்பாரா இல்லை என்பது ஹனஃபி மத்ஹபு. அவர்மீதும் கஃப்பாரா கடமை என்பது இக்கடற்கரையில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபு. நம் நாட்டில் இழப்பீட்டை நீதிமன்றம் தீர்மானிக்கிறது. நோன்போ அடியானுக்கும் அவனுடைய இறைவனுக்கும் இடையே உள்ளது.

அவர் நெடுநேரம் பேசவில்லை. எழுந்து செல்லும்போது, “அப்ப அந்தப் பெட்டிதான் ஹஜ்ரத் கல்லு” என்றார். பல ஆண்டுகளாக இப்பாடத்தை நான் மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன். அதன் பொருளை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர் வேறெவரும் இல்லர்.

இரவில் தங்க நேர்ந்தால் பாதையை விட்டு விலகித் தங்குமாறும், இரவில் அது விலங்குகள் செல்லும் வழியாகவும் விஷ ஜந்துக்கள் ஒதுங்கும் இடமாகவும் இருக்கிறது என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஒட்டகப் பயணிகளுக்குச் சொல்லப்பட்ட அந்த ஒழுங்கு, இன்று டிரெய்லர் வைத்திருப்பவருக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பழுதாகி நின்றால் முடிந்தவரை பெட்டியைத் தார்ச்சாலையை விட்டு இறக்க வேண்டும். சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். பின்னால் வருபவர் தொலைவிலேயே அறியுமாறு எச்சரிக்கை முக்கோணத்தை வைக்க வேண்டும். அது இல்லையேல் விளக்குடன் ஓர் ஆளையாவது பாதுகாப்பாக ஓரத்தில் நிறுத்த வேண்டும். ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டையை முன்புறம் வெள்ளையாகவும், பக்கவாட்டில் மஞ்சளாகவும், பின்புறம் சிவப்பாகவும் ஒட்டுவது முறை. சேறும் தூசியும் படிந்த பட்டை இல்லாத பட்டைக்குச் சமம். புறப்படுமுன் துணியால் துடைப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது, இரண்டையும் பிணைக்கும் பின். எங்கள் ஊர்ப் பட்டறை அண்ணாச்சி ஒருவர் தேய்ந்த பின் ஒன்றை என் கையில் கொடுத்துக் காட்டினார். நடுப்பகுதி இடுப்பு சிறுத்ததுபோல் குறுகியிருந்தது. “பாய், இது மேல பார்த்தா நல்லாத்தான் இருக்கும். உருவிப் பார்த்தாத்தான் தெரியும்” என்றார். கொக்கியின் துளையும் அவ்வாறே நாளடைவில் முட்டை வடிவில் அகன்றுவிடும். பின் மேலெழும்பி வராமல் தடுக்கும் கிளிப்பை மாட்டாமல் ஓட்டுவதும், பின் தொலைந்தால் கைக்குக் கிடைத்த கம்பியைச் செருகி ஓட்டுவதும் நம் பகுதியில் சாதாரணமாக நடப்பவை. அத்துடன் ஒரு சங்கிலியையும் பிணைத்துவிட்டால், பின் முறிந்தாலும் பெட்டி தனியே உருண்டோடாது. கயிற்றையோ சங்கிலியையோ டிராக்டரின் உயரமான பாகத்தில் கட்டி இழுப்பது பெரும் ஆபத்து. முன்சக்கரங்கள் மேலெழும்பி டிராக்டர் ஓட்டுநரின் மீதே கவிழ்ந்துவிடும். இழுப்பதற்கென்று அமைந்த தாழ்வான கொக்கியிலிருந்து மட்டுமே இழுக்க வேண்டும்.

பாரம் ஏற்றுவதிலும் நியாயம் வேண்டும். இரண்டு சக்கரப் பெட்டியில் பாரம் பின்பக்கம் அதிகமானால் கொக்கி மேல்நோக்கித் தூக்கப்பட்டு டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிமானத்தை இழக்கும். பெட்டியும் பாம்புபோல் ஆடும். முன்பக்கம் மிகுந்தால் டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகி ஸ்டியரிங் சொன்னபடி கேளாது. ஆகவே பாரம் அச்சின் மேலும் அதற்குச் சற்று முன்னுமாக அமைய வேண்டும். உயரம் தாழ்ந்திருக்க வேண்டும். சாலையில் ஏறுமுன் டிராக்டரின் இரண்டு பிரேக் பெடல்களையும் கொண்டி போட்டு ஒன்றாக இணைப்பது கட்டாயம். வயலில் திருப்புவதற்காகப் பிரித்துவிட்ட பெடல்களோடு சாலையில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்றுவிடும். வேகம் இருமடங்கானால் நிற்பதற்கான தொலைவு ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதையும், பெட்டியில் பிரேக் இல்லாவிடில் அது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும் என்பதையும் ஓட்டுபவர் மறக்கலாகாது. இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல், தொடக்கத்திலேயே சிறிய கியரில் இறங்க வேண்டும்.

தன்னைப் பட்டினி போட்டு ஓய்வின்றி வேலை வாங்குவதாக ஓர் ஒட்டகம் முறையிட்டதையும், அதன் உரிமையாளரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததையும் அபூதாவூதில் காண்கிறோம். இரும்பு முறையிடாது, முறிந்த பிறகே நமக்குத் தெரியும். எனவே நாமே குனிந்து பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அப்படிக் குனிந்து பார்ப்பது இருமடங்கு அவசியம். உப்புக்காற்றும் உப்புப் பாரமும் இரும்பை உள்ளிருந்து அரிக்கின்றன. உப்பு இறக்கிய பெட்டியை அன்றே நல்ல தண்ணீரால் கழுவிக் காயவைக்காவிட்டால், ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கிலும் வெல்டிங் ஓரங்களிலும் வீல் நட்டுகளிலும் துரு ஏறும். விளக்கு எரியாமைக்குப் பெரும்பாலும் பல்பு காரணமாக இராது. எர்த் ஒயர் சட்டத்தோடு சேரும் இடம் துருப்பிடித்திருக்கும். வாரம் ஒருமுறை கொக்கிக்கும் பேரிங்குகளுக்கும் கிரீஸ் வைப்பதும், டயரின் காற்றையும் விரிசலையும் பார்ப்பதும், நட்டுகளை இறுக்குவதும் ஒரு மணி நேர வேலை.

இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை மதரஸாப் பிள்ளைகளைப் பக்கத்து ஊர் நிகழ்ச்சிக்கு டிரெய்லரில் ஏற்றிச் செல்ல ஏற்பாடு நடந்தது. நான் மறுத்துவிட்டேன். பெரியவர் ஒருவர், “அல்லாஹ் காப்பாத்துவான் ஹஜ்ரத், எங்க காலத்துல எல்லாம் இப்படித்தான போனோம்” என்று வருந்தினார். முடிவில் இரண்டு வேன்கள் பிடித்தோம், செலவு கூடியது. அதனால் எழுந்த மனத்தாங்கல் இன்றும் முழுதாகத் தீரவில்லை. ஆயினும் என் கருத்தில் மாற்றமில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைப்பதா, கட்டாமல் விட்டு நம்பிக்கை வைப்பதா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டே நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதி அறிவிக்கிறது. தவக்குல் என்பது கட்டிய பிறகு வருவது.

2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்று டிராக்டர் டிரெய்லரில் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் குளத்தில் கவிழ்ந்தனர். 26 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்களும் இறைநினைவோடு புறப்பட்டவர்களே. டிரெய்லரில் இருக்கை இல்லை, பிடிமானம் இல்லை, பக்கப் பலகை இடுப்பளவே. கவிழ்ந்தால் பெட்டி ஆள்களின் மேலேயே விழும். சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. சரக்கு வாகனத்தில் இலவசமாக ஏறிச் செல்பவர்களுக்கு இழப்பீடு தரும் கடமை காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்துள்ளது. நிக்காஹ் வீட்டுக்கும் ஜனாஸாவுக்கும் உறவினரை டிரெய்லரில் ஏற்றும் குடும்பத்தார் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாதையில் கிடக்கும் துன்பம் தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நாம் பயான்களில் கேட்கிறோம். முள்ளையும் கல்லையும் அகற்றினால் நன்மை உண்டு எனில், நாமே அதைக் கொண்டுவந்து வைக்காமலிருப்பது அதற்கு முந்திய கடமை அன்றோ? ஒவ்வொரு ஜமாஅத்தும் அறுவடைக் காலத்துக்கு முன் ஒரு ஜும்ஆவில் இதைப் பேசலாம். வசதி உள்ளவர்கள் ரிஃப்ளெக்டர் பட்டைச் சுருள்களை வாங்கி, எந்தச் சமயத்தவருடைய டிரெய்லராயினும் ஒட்டிக் கொடுக்கலாம். வளைவில் வருகின்ற யாரோ ஒரு தாயின் பிள்ளை அதனால் வீடு சேர்வான். அவன் யாரென்று நமக்குத் தெரியாது, அல்லாஹ்வுக்குத் தெரியும்.

நம் கைகளாலும் நம் கவனக்குறைவாலும் எந்த உயிருக்கும் தீங்கு நேராமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக. சாலைகளில் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்குப் பொறுமையையும் ஆறுதலையும் அருள்வானாக. ஆமீன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.