தாத்தாவின் நோட்டும் நின்றுபோன மீட்டரும்

எங்கள் வீட்டு அம்பாசிடருக்கு எங்களைவிட வயது அதிகம். தாத்தா அதை 1994-ஆம் ஆண்டு புதிதாக வாங்கினார். இரட்டைப் பிள்ளைகளாகிய நாங்களும், எங்கள் அக்காவும் அதன் பின்னிருக்கையில்தான் வளர்ந்தோம். மேற்கு வங்கத்தில் உத்தர்பாரா தொழிற்சாலையில் இந்த வண்டியைச் செய்வது 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. எங்கள் வண்டியோ திருச்சி வீதிகளில் சளைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கிலோமீட்டர் எண்கள் மட்டும் 2022 ஜூன் மாதத்தில் 67,482-இல் நின்றுவிட்டன.

வேகம் காட்டும் முள் ஒழுங்காக ஆடியதால் அப்பா அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் தாத்தாவுக்கு மனம் ஆறவில்லை. பெட்ரோல் போடும்போதெல்லாம் தேதி, லிட்டர், மீட்டர் எண் மூன்றையும் நீள நோட்டு ஒன்றில் குறிப்பது அவர் வழக்கம். மீட்டர் நின்ற பிறகும் லிட்டரை எழுதினார்; மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவார். அந்த நோட்டில் எத்தனை கோடுகள்!

2024-இல் அக்காவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணத்துக்காக வண்டியை விற்பது என்று முடிவாயிற்று. தாத்தா ஒரு வார்த்தையும் மறுத்துச் சொல்லவில்லை. "மீட்டரைச் சரி பண்ணிட்டுக் கொடுப்போம்" என்று மட்டும் சொன்னார்.

மீட்டர் பழுது பார்க்கும் கடைக்கு அப்பாவுடன் நாங்களும் போனோம். கடைக்காரர் வயதானவர், கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, "முள் ஆடுதில்ல பாப்பா, அப்ப கேபிள் நல்லா இருக்குன்னு அர்த்தம். கோளாறு உள்ளேதான்" என்றார். கியர் பெட்டியிலிருந்து வரும் கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி அலுமினியக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் மின்னோட்டம் பிறந்து, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கிறது. மெல்லிய சுருள்வில் அதை இழுத்துப் பிடிக்கிறது. முள் அசைவது இப்படித்தான். (பௌதிகப் பாடத்தில் படித்தபோது இது எங்களுக்குப் புரியவே இல்லை!) எண்களுக்கு வழி வேறு. அதே கேபிளின் சுழற்சியைத் திருகுப் பல்லும் சிறு பற்சக்கரங்களும் படிப்படியாகக் குறைத்து, எண் உருளைகளை மெல்ல நகர்த்துகின்றன. ஓர் உருளை முழுச்சுற்று வந்தால் பக்கத்து உருளை ஓர் எண் நகரும். எங்கள் மீட்டரில் கடுகளவு பற்சக்கரம் ஒன்று விரிந்து, அச்சில் வழுக்கிக்கொண்டிருந்தது. பழைய மீட்டர் ஒன்றிலிருந்து அதே அளவுச் சக்கரத்தை எடுத்துப் பொருத்தினார்.

ரோமாபுரியில் வித்ருவியுஸ் என்னும் கட்டடக் கலைஞர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இத்தகைய கருவியைப் பற்றி எழுதியிருக்கிறார். வண்டிச் சக்கரம் 400 முறை சுழன்றால் ஒரு ரோமானிய மைல். அப்போது பெட்டிக்குள் ஒரு கூழாங்கல் விழும். மாலையில் கற்களை எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

"எண்ணை எவ்வளவில் வைக்கட்டும்?" என்று கடைக்காரர் கேட்டார். கூட வந்திருந்த தரகர், "இருக்கிறபடியே இருக்கட்டும் சார். இன்னும் குறைச்சு வச்சாலும் தப்பில்லை. பத்தாயிரம் கூடக் கிடைக்கும்" என்றார். அப்பா பேசாமல் நின்றார். பத்தாயிரம் என்பது எங்கள் வீட்டில் சிறிய தொகை அன்று.

நாங்கள் தாத்தாவின் நோட்டைக் கையோடு கொண்டு போயிருந்தோம். அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மீட்டர் ஓடிய காலத்தில் லிட்டருக்குச் சராசரி ஒன்பதரை கிலோமீட்டர். நின்ற பிறகு ஊற்றிய பெட்ரோல் 612 லிட்டர். பெருக்கினால் 5,814. கூட்டினால் 73,296. கடைக்காரர் சிரித்துக்கொண்டே உருளைகளை அந்த எண்ணிலேயே வைத்துக் கொடுத்தார்.

தஞ்சாவூர் சாலையில் துவாக்குடி தாண்டி, மஞ்சள் தலைக் கிலோமீட்டர் கற்களை எண்ணியபடி சோதித்தோம். பத்துக் கற்களுக்கு மீட்டர் 10.1 காட்டியது. டயர் தேய்ந்தால் சுற்றளவு குறையும், சக்கரம் கூடுதலாகச் சுழலும், அதனால் மீட்டரும் சற்றுக் கூட்டிக் காட்டும் என்று அப்பா சொன்னார்.

வாங்க வந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். மீட்டரைப் பார்த்து, "முப்பது வருஷத்து வண்டி, எழுபத்து மூவாயிரம்தானா!" என்று மகிழ்ந்தார். தரகர் தலையாட்டினார். தாத்தா உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து, 2009-ஆம் ஆண்டின் பக்கத்தைப் பிரித்து அவர் முன் வைத்தார். மீட்டரில் ஐந்து இலக்கங்களே உண்டு. அந்த ஆண்டு 99,999-ஐத் தாண்டி அது மறுபடி பூஜ்யத்தில் தொடங்கியிருந்தது. "ஒரு லட்சத்தையும் சேர்த்துக்கணும் ஐயா" என்றார் தாத்தா.

எங்களுக்கு அடிவயிறு கலங்கியது. அக்கா கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆசிரியர் நெடுநேரம் நோட்டைப் புரட்டினார். பிறகு, தாம் சொல்ல நினைத்த விலையில் எட்டாயிரம் குறைத்துக் கேட்டார். "இந்த நோட்டையும் சேர்த்துத் தருவீர்களா?" என்றும் கேட்டார்.

குறைந்த எட்டாயிரத்தை அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கடனாக வாங்கினார். இன்னும் மாதாமாதம் கட்டி வருகிறார். அக்கா இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள்.

வண்டி கிளம்பும் முன் தாத்தா குனிந்து மீட்டரைப் பார்த்தார். கண் சரியாகத் தெரியாததால் எங்களை வாசிக்கச் சொன்னார். "73,341" என்றோம். மூன்றாவது கட்டத்தில் தம் கையாலேயே அதை எழுதி, நோட்டை மூடி ஆசிரியரிடம் கொடுத்தார்.