சைத்தூனின் குதிரை

சென்ற கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து மங்கலம்பேட்டைக்கு வந்த என் மகள், பையைத் திண்ணையில் வைத்ததும் வைக்காததுமாக ஒரு கனத்த ஆங்கில நூலை என் கையில் கொடுத்தாள். “அத்தா, இதை ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் பேத்தி இதைக் கீழே வைப்பதே இல்லை. ஏதோ பழைய தெய்வங்களின் கதையாம். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் இன்றே வாங்கி வைத்துவிடுகிறேன்” என்றாள். 13 வயதுப் பேத்தி தூணோரம் நின்று என் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தாள். தீர்ப்பு வழங்கும் வேலை என் வாழ்நாளில் எனக்கு வாய்த்ததில்லை. நான்கு நாள் தவணை கேட்டு வாங்கிக் கொண்டேன்.

ரிக் ரியார்டன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் இளையோருக்காக எழுதிய கதைத் தொடர் அது. முதற் பாகம் 2015இல் வெளிவந்தது. ஸ்காண்டிநேவிய நாட்டவர் பண்டு வணங்கிய ஓடினும் தோரும் இன்றைய பாஸ்டன் நகரத் தெருக்களில் நடமாடுகின்றனர். வீர மரணம் எய்தியோரை ஓடினின் மண்டபத்துக்கு ஏந்திச் செல்லும் மங்கையரை வால்கிரி என்பர். அவர்களுள் ஒருத்தி சமீரா அல்-அப்பாஸ். ஹிஜாப் அணிந்தவள், தொழுகையை விடாதவள். 2017இல் வந்த மூன்றாம் பாகத்தில் நோன்பு நோற்றபடியே கடலோடுகிறாள். இவர்களெல்லாம் வல்லமை மிக்க படைப்புகள் மட்டுமே, இறைவன் ஒருவன்தான் என்பதிலும் அவள் உறுதியாக இருக்கிறாள். இவ்வளவும் சரி. ஆனால், சூழ்ச்சியின் தெய்வமான லோகியை அவளுக்குத் தந்தையாக்கி இருக்கிறாரே, அது மட்டும் எனக்குக் கடைசி வரை செரிக்கவில்லை.

நூலை மூடிவிடலாமா என்று எண்ணிய வேளையில்தான் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. சமீராவின் குடும்பம் இப்னு ஃபழ்லானின் வழிவந்ததாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டு மீண்டும் படித்தேன்.

சமீரா கற்பனை, இப்னு ஃபழ்லான் கற்பனை அல்லர். வோல்கா நதிக்கரையில் பல்கார் மக்களின் மன்னர் இஸ்லாத்தைத் தழுவி, மார்க்கம் கற்பிக்க ஆளும், பள்ளிவாசலும் கோட்டையும் கட்ட உதவியும் வேண்டிக் கலீஃபா அல்-முக்ததிருக்கு ஓலை விடுத்தார். அதன்படி 921ஆம் ஆண்டு பக்தாதிலிருந்து புறப்பட்ட தூதுக்குழுவில் சென்றவர் இப்னு ஃபழ்லான். மறு ஆண்டு மே மாதம் போய்ச் சேர்ந்தனர். கோட்டைக்குரிய பணம் மட்டும் போய்ச் சேரவில்லை. அதற்காக மன்னரிடம் அவர் பட்ட பாடு தனிக் கதை.

அந்நாட்டில் ஓரிரவு, இஷாவின் பாங்குக்காகக் காத்துப் பேசிக் கொண்டிருந்தார் அவர். பாங்கு கேட்டது, வெளியே வந்து பார்த்தால் விடிந்திருந்தது. முஅத்தினைக் கேட்டால், “இது ஃபஜ்ருப் பாங்கு. இஷாவை மஃரிபோடு சேர்த்தே தொழுகிறோம்” என்றாராம். ஃபஜ்ரு தவறிவிடுமோ என்ற அச்சத்தில் அவர் ஒரு மாதமாக இரவில் உறங்கவே இல்லையாம்! மற்றோர் இரவு, வானம் செக்கச் சிவந்து, அதில் குதிரைகளும் வாளேந்திய வீரர்களும் இரு படைகளாக மோதுவதுபோல் தோன்ற, பக்தாதுக்காரர்கள் நடுங்கிப் போய்த் துஆவில் இறங்கினர். உள்ளூரார் நகைத்தனர். ஈமான் கொண்ட ஜின்களும் கொள்ளாத ஜின்களும் இரவுதோறும் போரிடுவதாகத் தம் முன்னோர் சொல்லி வந்ததை மன்னர் எடுத்துரைத்தார். வடதுருவ ஒளி என்று இன்று நாம் கூறுவது அதுவே.

அந்நதிக்கரையில்தான் ருஸ் எனப்பட்ட வடபுல வணிகரை அவர் கண்டார். பேரீச்ச மரம்போல் நெடிய அம்மக்கள் தம் தலைவனின் உடலைக் கப்பலோடு எரியூட்டியதை அருகிருந்து பார்த்து எழுதி வைத்தார். அவர்கள் கொண்டு சென்ற திர்ஹம்கள் இன்றும் சுவீடன் மண்ணில் கிடைக்கின்றன. காட்லாந்துத் தீவின் ஒரு வயலில் 1999இல் 14,000க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன; பெரும்பாலானவை அரபு எழுத்துப் பொறித்தவை. ஓடினின் மக்கள் நம் கலிமா பொறித்த காசுகளைப் புதைத்து வைத்திருக்கின்றனர்.

போரிடும் ஜின்களைப் படித்தபோது என் நெஞ்சு எழுபது ஆண்டுகள் பின்னோக்கி ஓடிற்று. மாரிக்கால இரவுகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் மல்லாட்டை உரிக்கக் கூடுவார்கள். அரிக்கேன் விளக்கடியில் அமர்ந்து என் அக்கா ‘சைத்தூன் கிஸ்ஸா’ படிப்பார். நன்னிக்கு அரபுத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும். ஆனால் கிஸ்ஸா முழுவதும் மனப்பாடம். அக்கா ஓரிடத்தில் இராகம் பிசகினாலும் திருத்துவார். அலீ (ரலி) அவர்களின் மைந்தர் முஹம்மது ஹனஃபிய்யாவும் வீரநங்கை சைத்தூனும் வாளோடு வாள் மோதும் கட்டம் வந்தால் உரிக்கும் கைகளெல்லாம் நின்றுவிடும்.

அத்தா அதை நிறுத்தினார். “அலீ (ரலி) அவர்களின் மகன் செய்யாததைச் செய்தார் என்று பாடுவது எவ்வகை நன்மை?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை காண இன்றும் என்னால் இயலாது. முஹம்மது இப்னு ஹனஃபிய்யா வரலாற்றில் வாழ்ந்தவர். சைத்தூன் வரலாற்றில் இல்லை. நன்னி மறுமொழி சொல்லவில்லை. நூல் பரணுக்குப் போயிற்று. பல ஆண்டுகள் கழித்து எடுத்தபோது கறையான் அட்டையை மட்டும் விட்டு வைத்திருந்தது. இதே ஹனஃபிய்யாவின் கதையைத்தான் 1511இல் போர்த்துக்கீசியர் தாக்க வருமுன் மலாக்கா வீரர்கள் இரவில் படிக்கச் சொல்லிக் கேட்டதாக மலாய் வரலாற்று நூல் கூறுகிறது என்பதைப் பின்னாளில் அறிந்தேன். அதை அத்தாவிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

பேத்தியின் நூலில் வரும் தெய்வக் கதைகள் பிழைத்த விதமும் வேறு. ஐஸ்லாந்து ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் கிறிஸ்தவத்தை ஏற்றது. இரு நூற்றாண்டு கழிந்தபின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்னும் கிறிஸ்தவர், பழங்கவிதை இளங்கவிஞருக்கு விளங்காமற் போய்விடுமே என்று அக்கதைகளைத் தொகுத்தார். அந்நூலின் முகவுரை அத்தெய்வங்களை ஆசியாவிலிருந்து வந்த மனிதர்கள் என்றே கூறுகிறது. நம்பச் சொல்லாமலே காப்பாற்றி வைத்தார். அத்தாவுக்கும் நன்னிக்கும் இடையில் அப்படி ஒருவர் எங்கள் வீட்டில் இருந்திருக்கலாம்.

ஐந்தாம் நாள் பேத்தியைத் திண்ணையில் அமர்த்தி, பென்சிலும் நூலும் கொடுத்தேன். இப்னு ஃபழ்லான் மெய், வால்கிரி கதை, லோகி கதை என்று ஓரத்தில் குறிக்கச் சொன்னேன். கடல் கடந்து அமெரிக்கக் கரையில் வடபுலத்தார் குடியேறிய செய்தி வந்தபோது, “கதை” என்று எழுதப் போனாள். தடுத்தேன். பழைய சாகாக்கள் சொல்லி வந்த அக்குடியேற்றத்திற்குச் சான்றாக, நியூஃபவுண்ட்லாந்தில் அவர்களின் வீட்டு அடித்தளங்கள் 1960இல் கண்டறியப்பட்டன. அங்கே மரம் வெட்டிய ஆண்டு 1021 என 2021இல் ஆய்வாளர் உறுதி செய்தனர். “அப்படியானால் பென்சிலால் எழுதுவதே நல்லது, நன்னா” என்றாள்.

மகள் வாசற்படியில் நின்று கேட்டுக் கொண்டிருந்தாள். நூலைப் பிடுங்கும் பேச்சை அவள் பின்னர் எடுக்கவில்லை.

அன்றிரவு மின்சாரம் போயிற்று. சமீராவுக்கு முன்பே நம்மிடம் ஒரு சைத்தூன் இருந்தாள் என்று தொடங்கினேன். இது கதை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கோட்டையும் படையும் நினைவிலிருந்து வந்தன. இராகங்கூட ஓரளவு வந்தது. அவள் குதிரையேறிக் களத்துக்கு வந்த இடத்தில் பேத்தி குறுக்கிட்டாள்.

“அந்தக் குதிரை என்ன நிறம், நன்னா?”

நன்னி அதற்கு ஒரு முழு அடியே பாடுவார். எத்தனை முயன்றும் எனக்கு வரவில்லை.