சுரைக்காய் ஸ்பகெட்டி

சர்க்கரை வியாதிக்காரருக்குப் பத்தியம் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. அந்தப் பத்தியத்தை மூன்று வேளையும் சமைத்துத் தட்டில் வைக்கிறவள் ஒருத்திதான். "சோத்தைக் குறைங்க" என்று டாக்டர் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார். குறைத்த இடத்தில் எதை வைப்பது என்ற கவலை நம் தலையில் விழும். செங்கல்பட்டில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒன்பது வருஷமாக இந்தக் கவலைதான் கொதித்துக்கொண்டிருக்கிறது.

காலையில் இட்லி, மத்தியானம் சோறு, சாயங்காலம் பசித்தால் அவல், ராத்திரி தோசை அல்லது இடியாப்பம். யோசித்துப் பார்த்தால் நாம் ஒரே அரிசியைத்தான் நாலு வேஷம் கட்டவைத்துச் சாப்பிடுகிறோம்! சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நாடு முழுவதும் எடுத்த கணக்கு 2023ஆம் வருஷம் வெளியானது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறதாம். அதற்கு முந்தின வருஷம் அதே ஆய்வுக்காரர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். நமக்குக் கிடைக்கிற சக்தியில் 60 முதல் 75 சதவீதம் வரை மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அதை 50, 55க்குக் கொண்டுவந்து, பருப்பு, பயறு, பால், முட்டை மாதிரிப் புரதத்தைக் கூட்டினால் வியாதியை நன்றாகக் கட்டுப்படுத்தலாம் என்றார்கள். சோற்றை ஒழிக்கச் சொல்லவில்லை, கவனியுங்கள். குறைக்கத்தான் சொன்னார்கள்.

இதற்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் மாமல்லபுரத்தில் இருக்கிறது.

எங்கள் ஊரிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மாமல்லபுரம். வெளிநாட்டார் வந்து போய்க்கொண்டே இருக்கிற ஊர். கடற்கரைக் கோயில் பக்கத்து ஒத்தவாடைத் தெருவுக்குள் நுழைந்தால், மாடிமேல் மாடியாகச் சின்னச் சின்ன ஓட்டல்கள். மீன் வறுவலும் இருக்கும், ஸ்பகெட்டியும் இருக்கும். மார்கழியில் நாட்டிய விழா நடக்கும்போது உட்கார இடம் கிடைக்காது. பேத்தியின் எட்டாவது பிறந்த நாளைக்கு அங்கேதான் போகவேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். போனோம். மாப்பிள்ளை எல்லோருக்கும் தக்காளி போட்ட ஸ்பகெட்டி சொன்னார். எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் வெள்ளரிக்காய்த் துண்டுகளும் ஒரு ஆம்லெட்டும்.

பிறந்த நாள் குழந்தை முள்கரண்டியில் சுற்றிச் சுற்றி, மூக்கெல்லாம் சிவப்பாக்கிக்கொண்டு, "தாத்தா, நீ ஏன் சாப்பிடலே?" என்று கேட்டது. "தாத்தாவுக்கு ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டு அவர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முப்பத்தாறு வருஷம் உத்தியோகம் பார்த்து, நாலு பேருக்குச் சாப்பாடு போட்ட மனுஷர், எல்லோரும் ஒரே தட்டில் கைவைக்கும்போது தனித்தட்டோடு உட்கார்ந்திருந்தார். வியாதியைவிட இதுதான் கஷ்டம் என்று எனக்குப் பட்டது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே தீர்மானித்துவிட்டேன்: அதே தக்காளி, அதே பூண்டு, அதே சுற்றிச் சாப்பிடும் விளையாட்டு, அவருக்கும் உண்டு என்று.

முதலில் எதிராளியை நியாயமாக எடைபோட வேண்டும் அல்லவா? பாஸ்தா கெட்ட ஆகாரம் இல்லை. டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையைப் பிசைந்து, அச்சில் அழுத்திப் பிழிந்து, காயவைப்பது. நம் சேவை நாழியின் சீமைத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவு இறுகிக் கிடப்பதால், அரைவேக்காட்டைச் சற்றே தாண்டி, பல்லில் தட்டுப்படும் பதத்தில் இறக்கினால் மெதுவாகத்தான் செரிக்கும். இந்தப் பதத்தை இத்தாலிக்காரர்கள் 'அல் தெந்தே' என்பார்கள். குழைந்த வெள்ளைச் சோற்றைவிட இரத்தத்தில் சர்க்கரையை நிதானமாகவே ஏற்றும். ஆனால் அளவுதான் தொல்லை. 100 கிராம் காய்ந்த ஸ்பகெட்டியில் மாவுச்சத்து மட்டும் 70 கிராமுக்கு மேல். நல்ல பசிக்காரர் ஒரு தட்டில் அவ்வளவையும் முடித்துவிடுவார். தோல் சீவிய சுரைக்காயிலோ 100 கிராமுக்கு மூன்று கிராம் சொச்சம், மற்றதெல்லாம் தண்ணீர்.

வெளிநாட்டுப் பத்திரிகைகளில் இதற்கு 'ஜுக்கினி' என்று ஒரு காய் சொல்கிறார்கள். எங்கள் மார்க்கெட்டில் அது எப்போதாவது வரும், வந்தாலும் யானை விலை. சுரைக்காய் தெருமுனையிலேயே கிடைக்கிறது. முள்ளங்கி வாடை ஸ்பகெட்டிக்குச் சேராது. கோஸ் இனிப்புத் தட்டும். பப்பாளிக்காய் இழை இழையாக நன்றாகவே நிற்கும். ஆனால் கர்ப்பிணிகள் காயான பப்பாளியைத் தொடவேண்டாம். இதைப் பாட்டிகளும் சொன்னார்கள், டாக்டர்களும் சொல்கிறார்கள்.

பிஞ்சுச் சுரைக்காயாகப் பாருங்கள். நகம் வைத்தால் இறங்கவேண்டும். வாங்கி வந்ததும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் யோசிக்காமல் முழுக்காயையும் தூக்கி எறிந்துவிடுங்கள். கசக்கிற சுரைக்காயில் நஞ்சு உண்டு. வாந்தி, வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும், கசந்த சாற்றைக் குடித்து உயிர் இழந்தவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். நல்ல காயானால் தோலைச் சீவி, விதைப் பகுதியை விட்டுவிட்டு, சதையை மட்டும் நீளவாக்கில் மெல்லிய பட்டையாகச் சீவி, பிறகு கத்தியால் நூல் நூலாக நறுக்கவேண்டும். தோல் துவையலுக்கு, நடுச்சதை மறுநாள் கூட்டுக்கு. எதுவும் வீணில்லை.

இரண்டு பேருக்கு இழையாக நறுக்கிய சுரைக்காய் 400 கிராம் வேண்டும். அரை டீஸ்பூன் உப்புத் தூவிக் கால் மணி நேரம் வடிதட்டில் வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். ஒரு முறை அலசி, சுத்தமான துணியில் முடிந்து, பிழியுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் இருந்தால் அலசுவதை மறக்கக்கூடாது. காயைக் கொதிநீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஸ்பகெட்டி கூட்டாகிவிடும். பரிமாறும் நேரத்தில் அகலமான வாணலியை நன்றாகக் காயவைத்து, ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை நிமிஷம் புரட்டினால் போதும்.

தக்காளிச் சாறுதான் இதில் உயிர். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து இத்தாலிக்குப் போன சரக்கு. பாஸ்தாவோடு அது சேர்ந்ததே ரொம்பப் பின்னால், 19ஆம் நூற்றாண்டு வாக்கில்தான். நம் வீடுகளிலும் இன்றுவரை திவசத்துக்குத் தக்காளி சேர்க்காதவர்கள் உண்டு இல்லையா? இரண்டு நாட்டுக்கும் வந்தேறிதான், ஆனாலும் இரண்டு அடுப்பையும் பிடித்துக்கொண்டது! 400 கிராம் தக்காளியைக் கொதிநீரில் போட்டெடுத்துத் தோலுரித்துப் பிசைந்துகொள்ளுங்கள். பாதி நாட்டுத் தக்காளி, பாதி பெங்களூர்த் தக்காளி என்றால் புளிப்பும் சதையும் சரியாக அமையும். மூன்று டீஸ்பூன் எண்ணெயில் எட்டுப் பல் பூண்டை மெல்லியதாக அரிந்து போட்டு, பொன்னிறம் வருமுன்பே இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிச் சேர்த்து, தக்காளியைக் கொட்டவும். மூடாமல், சின்ன தீயில், கரண்டியால் கோடு போட்டால் கோடு நிற்கிறவரை சுண்டவேண்டும். இருபது, இருபத்தைந்து நிமிஷமாகும். சர்க்கரையோ சோளமாவோ போட்டுக் கெட்டியாக்கினால் நாம் பட்ட பாடெல்லாம் வீண்.

ஆலிவ் எண்ணெய் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கடலை எண்ணெய். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் மணம் பூண்டை அமுக்கிவிடும். இத்தாலிக்காரர்கள் கடைசியில் 'பேஸில்' என்று ஓர் இலை போடுவார்கள். அது வேறொன்றுமில்லை, நம் திருநீற்றுப்பச்சிலைதான்! சர்பத்தில் ஊறப்போடுகிற சப்ஜா விதை அந்தச் செடியின் விதைதான். எங்கள் கொல்லையில் தானாக முளைத்துக் கிடந்ததை இத்தனை வருஷமும் சாமி படத்துக்குத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு இலையை அடுப்பை அணைத்த பிறகு கிள்ளிப் போடவேண்டும். துளசி காரம், இதற்கு ஒத்துவராது.

பார்மெசான் பாலாடைக்கட்டி விலையும் அதிகம். அசல் இத்தாலியச் சரக்கில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்ப்பதால் சைவர்களுக்கு ஆகவும் ஆகாது. 100 கிராம் பனீரை உதிர்த்து வாணலியில் சிவக்க வறுத்துக்கொண்டேன். மேலே இரண்டு டேபிள்ஸ்பூன் வறுத்த வேர்க்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்துத் தூவினால் மொறுமொறுப்பும் வந்தது, புரதமும் வந்தது. அசைவக்காரர்கள் கோவளத்து இறாலைப் போட்டால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறேன்?

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். வெறும் சுரைக்காய், ஸ்பகெட்டி ஆகாது. மாவு இல்லாததால் சாறு அதில் ஒட்டாமல் வழுக்கும். மென்றால் கிடைக்கிற அந்த இழுவையும் இருக்காது. "இதுவும் அதுவும் ஒண்ணுதாங்க" என்று பொய் சொல்லிப் பரிமாறினால் முதல் வாயிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். அப்புறம் நாம் எது வைத்தாலும் சந்தேகம்தான். அதனால் நான் ஒரு ராஜி செய்துகொண்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து 50 கிராம் நிஜ ஸ்பகெட்டி. அதைப் பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்பே வடித்து, அந்த வடிநீரில் இரண்டு கரண்டியைத் தக்காளிச் சாற்றில் விட்டு, பிறகு இரண்டு இழையையும் ஒன்றாகப் புரட்டவேண்டும். வடிநீரின் பசை சாற்றைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. என் கணக்கில் தக்காளி, கடலை எல்லாம் சேர்த்து ஒரு தட்டுக்கு மாவுச்சத்து சுமார் 35 கிராம். முழு ஸ்பகெட்டித் தட்டில் பாதி.

அவர் முள்கரண்டியில் சுற்றினார். கீழிருந்து நிஜ இழை ஒன்று வந்ததும் என்னைப் பார்த்தார். "ஏம்மா, இது நிஜமா?"

"நாலிலே ஒண்ணு நிஜம். மிச்சம் சுரைக்காய்."

"பரவாயில்லே, நாலிலே ஒண்ணாவது குடுத்தியே" என்றார். ஒரு இழை மிச்சம் வைக்கவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் பார்த்தோம், 158. இடியாப்பம் சாப்பிடுகிற ராத்திரிகளில் 220ஐத் தாண்டும். இது அவர் உடம்புக் கணக்கு. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும், சோதித்துத்தான் தெரியும். சாப்பிட்டதும் தெருக்கோடிவரை பத்து நிமிஷம் நடந்ததும் அந்த எண்ணில் சேர்ந்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எங்கள் தெரு அம்மா ஒருவர் யாரோ சொன்னார்களென்று சோற்றை ஒரே நாளில் நிறுத்திவிட்டு, மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டில் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்ததால் தப்பித்தார். இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்குகிற மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் ஆகாரத்தைக் குறைக்குமுன் டாக்டரிடம் கேட்டு மருந்தின் அளவையும் சரிசெய்துகொள்ளவேண்டும். இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதனை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பனீர், கடலையைக் கூட்டுவதற்கு முன்பும் கேட்கவேண்டும்.

இளம் தாய்மார்கள் கவனிக்க: இது குழந்தைகளுக்கான பத்தியம் இல்லை. ஓடி விளையாடுகிற பிள்ளைக்கும், பால் கொடுக்கிற தாய்க்கும் மாவுச்சத்து வேண்டும். பேத்தி வருகிற நாளில் ஒரே சாறு, இரண்டு பாத்திரம். அவள் பாத்திரத்தில் முழு ஸ்பகெட்டி, அதில் கொஞ்சம் சுரைக்காய் இழை. சுரைக்காய் என்றால் முகம் சுளிக்கிற குழந்தை சிவப்புச் சாற்றுக்குள் அது இருப்பதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. மேஜையில் பார்த்தால் தாத்தா தட்டும் பேத்தி தட்டும் ஒரே நிறம்.

மாமியாருக்கு எண்பத்து நாலு வயசு. அவர் ஒரு வாய் வாங்கி, வெகு நேரம் மென்று பார்த்தார். "சொரக்கா சேவை நல்லாத்தான் இருக்கு. கடுகு தாளிக்காமலா இறக்கினே?" என்றார். அடுத்த தடவை அவர் பங்குக்கு மட்டும் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துவிட்டேன்.