மலைக்கு மேலே வர வேண்டிய விசாரணை

2025 மார்ச் 14 அன்று சட்டமன்றத்தில் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வாசித்த பட்ஜெட்டில் பள்ளிக்கல்விக்கு 46,767 கோடி ரூபாய். அதே உரையில், முதியோருக்கு 25 ‘அன்புச்சோலை’ பகல்நேர மையங்கள். அவற்றுக்கு 10 கோடி. ஒப்பிட்டுக் குறை சொல்லவில்லை, பள்ளிக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த மையங்கள் மாநகராட்சிகளை மனதில் வைத்தவை. ஏற்காடு மலையில் எங்கள் தலைச்சோலைப் பக்கம், பிள்ளைகள் பிழைப்புக்குக் கீழே இறங்கிவிட, வயசானவங்க காபித் தோட்டத்து ஓரம் தனியாக இருக்கிறார்கள்.

இப்படித் தனியாக விடப்பட்டவர்களுக்கு 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் நல்ல சட்டம். கைவிட்ட பிள்ளையிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். கவனித்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய நிலத்தைக்கூடத் திரும்பப் பெற வழியுண்டு. வக்கீல் தேவையில்லை. ஆனால் மனுவை விசாரிப்பவர் கோட்டாட்சியர், சேலத்துக்குப் போகணும். முட்டி வலியோடு இருக்கும் எங்க பக்கத்து வீட்டு ஆயா 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய் வாய்தாவுக்கு நிற்க முடியுமா?

தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் அரிசி வீட்டு வாசலுக்கே வருகிறதே. அதுபோல மாதம் ஒருமுறை ஏற்காட்டிலேயே இந்த விசாரணையை நடத்தலாம். பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி இது. எங்கள் சட்டமன்ற உறுப்பினர் இதை அவையில் கேட்க வேண்டும். அதுவரை, முதியோர் உதவி எண் 14567. பக்கத்து வீட்டுப் பெரியவங்களுக்கும் எழுதிக் கொடுங்க.